அவகாசம்

ஃபெத்தியே துறைமுகத்தில் நாங்கள் ஏறிய படகு அடுத்த ஊரை எத்தனை மணிக்குச் சேரும் என்று முதல் நாள் காலையில் நான் விசாரித்தபோது, ஆலிவ் காய்களைத் தின்று கொட்டைகளைத் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த காப்டன், ஒரு தரம் என்னையும் ஒரு தரம் வானத்தையும் பார்த்துவிட்டு, "ஹவா" என்ற ஒரே சொல்லை விடையாக அருளினார். துருக்கி மொழியில் அதற்குக் காற்று என்றும் பொருள், வானிலை என்றும் பொருள். ரயில் நிலையத்தில் நிற்பவனைப் போல நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்ட கேள்விக்கு அதைவிடத் துல்லியமான விடையை அவர் சொல்லியிருக்க முடியாது என்பது எனக்குப் புரிய நான்கு நாட்கள் பிடித்தன.

துருக்கியின் தென்மேற்கு மூலையில், பண்டைக் காலத்தில் லிசியா என்று பெயர் பெற்றிருந்த அந்தப் பிரதேசத்தில், டாரஸ் மலைகள் கடலோரம் வந்தும் நிற்க மனமில்லாதவைபோல் அப்படியே தண்ணீருக்குள் இறங்கிவிடுகின்றன. கரையை ஒட்டியே ஆழம் வந்துவிடுவதால் படகோட்டிகள் ஓர் உபாயம் கண்டிருக்கிறார்கள்: சற்றுத் தள்ளி நங்கூரத்தைப் போட்டு, படகின் பின்புறத்தைக் கரைக்குக் காட்டிப் பின்வாங்கி வர, ஒரு பையன் கயிற்றின் நுனியைத் தோளில் மாட்டிக்கொண்டு நீந்திப்போய், மாட்டைத் தொழுவத்தில் கட்டுவதுபோல, அதை ஒரு பைன் மரத்திலோ பாறையிலோ கட்டிவிட்டு வருகிறான். எங்கள் படகு, 'குலெத்' என்று அவர்கள் அழைக்கும் இரட்டைப் பாய்மர மரப்படகு. முன்புறம் கூர்மையும் பின்புறம் அகன்ற உருட்சியுமாக, பார்ப்பதற்கு லட்சணமானது. பாய்மரப் பிரயாணம் என்று சொல்லிப் பணம் வாங்கினாலும் இத்தகைய படகுகள் பெரும்பாலும் டீசல் எஞ்சினாலேயே ஓடுகின்றன என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுவது நியாயம். அந்தத் துறையில் வரிசை வரிசையாக நின்ற வெள்ளை நிறக் 'கட்டமரான்'களைக் காட்டி, அந்தப் பெயர் எங்கள் கட்டுமரத்திலிருந்து போனது என்று நான் பெருமையுடன் சொன்னபோது, காப்டன் மரியாதைக்காகத் தலையை அசைத்தார். குளிர்பதனப் பெட்டியும் மெத்தையும் உள்ள அந்த இரட்டையுடல் மாளிகைகளுக்கும், நாலு மரத்தைக் கயிற்றால் பிணைத்து அலையில் தள்ளும் நம்மவர் சாதனத்துக்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தம் அதிகமில்லை என்பதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நான் கையோடு ஒரு நோட்டுப்புத்தகம் கொண்டுபோயிருந்தேன். ஊர், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், பார்த்தவை என்று நான்கு பத்திகள் கோடு போட்டு வைத்திருந்தேன். முப்பது வருஷ உத்தியோகம் கற்றுத்தந்த பழக்கம், உத்தியோகத்திலிருந்து விடுபட்ட பிறகும் விரலைவிட்டுப் போகவில்லை. இரண்டாம் நாள் விடியற்காலை நாலரை மணிக்கே, 'ஏழு முனை' என்று பொருள்படும் எதி புருன் கரையை, மேற்கிலிருந்து பிற்பகலில் எழும் காற்று வருவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று காப்டன் எஞ்சினை முடுக்கியபோது, படகு முழுவதும் உறங்கிக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் எழுந்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். காற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களையும் குறித்துக்கொண்டேன். வடகிழக்குக் காற்று பொய்ராஸ், தென்காற்று லோதோஸ். கிரேக்கர்களின் போரியாஸும் நோட்டோஸும் துருக்கி நாவில் உருமாறி நிற்கின்றன. ஜனங்கள் இடம் மாறினாலும் காற்றின் பெயர்கள் ஊரிலேயே தங்கிவிடுகின்றன போலும். வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கும் பாஷையில் பிறந்த நான், அவற்றுள் எது எப்போது வீசும் என்று கேட்டால், புத்தகத்தைப் புரட்டாமல் சொல்ல முடியாதவனாக அங்கே உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கரைக்கு உல்லாசப் பிரயாணிகளை வரவழைத்தவர்களுள் முதன்மையானவர், உல்லாசத்துக்காக அங்கே வந்தவரல்லர். ஜெவாத் ஷாகிர் என்ற எழுத்தாளர், ராணுவத்தைவிட்டு ஓடிய சிப்பாய்கள் விசாரணையின்றிக் கொல்லப்பட்டதைப் பற்றி எழுதியதற்காக, 1925-ஆம் ஆண்டில் தண்டிக்கப்பட்டு, மூன்று வருஷ வாசத்துக்கு போத்ரும் என்ற அந்நாளைய மூலை முடுக்குக் கடற்கரை ஊருக்கு அனுப்பப்பட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த, பெரிய குடும்பத்தில் பிறந்த ஒரு மனிதருக்கு அது வாழ்க்கையே முடிந்துபோன இடமாகத் தோன்றியிருக்க வேண்டும். அவரோ கடலைக் கண்டதும் வந்த காரியத்தை மறந்தவர்போல் செம்படவர்களோடும் கடற்பஞ்சு எடுக்க மூழ்குகிறவர்களோடும் சேர்ந்துவிட்டார். தண்டனையின் பிற்பகுதியை இஸ்தான்புல்லில் கழிக்க உத்தரவாகி, அதுவும் தீர்ந்த பின், எவரும் அனுப்பாமல் தாமாகவே போத்ருமுக்குத் திரும்பி வந்து பல வருஷங்கள் அங்கே வாழ்ந்தார். ஊரின் பழம்பெயரைச் சேர்த்து, 'ஹாலிகார்னசஸின் மீனவன்' என்று தமக்குப் புனைபெயரும் சூட்டிக்கொண்டார். பிற்காலத்தில் எழுத்தாள நண்பர்களைப் பஞ்சுப் படகுகளில் ஏற்றிக்கொண்டு அவர் செய்த யாத்திரைகள்தாம் 'நீலப் பிரயாணம்' என்று பெயர் பெற்றன. அவர்களுள் ஒருவரான அஸ்ரா எர்ஹாத் அதே பெயரில் 1962-இல் ஒரு புத்தகமும் எழுதினார். நாங்கள் விலை கொடுத்து வாங்கியிருந்த ஒரு வாரம் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

அவகாசம் என்ற சொல்லை அந்த நாட்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். தமிழில் அதை நேரம் என்ற பொருளில் வழங்குகிறோம். மலையாளத்தார் அதையே உரிமை என்கிறார்கள். சம்ஸ்கிருதத்தில் அதற்கு இடம், இடைவெளி என்று அர்த்தம். என்னிடம் ஏழு நாட்கள் இருந்தன, உழைத்துச் சம்பாதித்த உரிமையும் இருந்தது. ஆனால் உள்ளே காலி இடம் என்று ஒன்று, ஒரு நாற்காலி போடும் அளவுக்குக்கூட இல்லை. நேரமும் உரிமையும் இரண்டுமே பறிக்கப்பட்ட ஒரு கைதிக்கு அந்த இடம் எப்படியோ கிடைத்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு, தண்டனையே வரம் என்று பேசத் துணிகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தத் துணிவு இல்லை. ஏனென்றால் முதல் நாள் பிற்பகலில், கெமிலெர் தீவுக்கு எதிரே கரையேறி, மேட்டுப் பாதையில் நடந்து, காயாக்கோய் என்ற ஊரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மலைச்சரிவு முழுவதும் கூரையில்லாத கல்வீடுகள். அடுப்பு மாடங்களுக்குள் அத்திக் கன்றுகள். 1923-இல் லோசானில் இரு அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, துருக்கியிலிருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும் கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும், பிறந்த மண் எதுவாயினும் மதத்தைப் பார்த்து மாற்றி அனுப்பப்பட்டார்கள். அப்படிப் போனவர்களும் இதே கடலில்தான் படகேறினார்கள். திரும்பி வரும் தேதி என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது. ஒரு வீட்டின் வாசற்படியில் எங்கள் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் உட்கார்ந்து செருப்பிலிருந்த கல்லை உதறிக்கொண்டிருந்தார். எனக்கு ஏனோ அவரை எழுந்திருக்கச் சொல்ல வேண்டும்போல் இருந்தது, சொல்லவில்லை.

நான்காம் நாள், காஷ் என்ற ஊரைவிட்டுக் கெகோவாவை நோக்கிக் கிழக்கே போகையில், முதுகுப்புறமாகக் காற்று எழுந்தது. காப்டன் ஒன்றும் பேசாமல் எஞ்சினை நிறுத்திவிட்டு, பையன்கள் இருவருக்கும் கையைக் காட்டினார். அத்தனை நாட்களும் மூட்டையாகக் கிடந்த பாய், சுருக்கங்களோடு மேலே ஏறி, ஒரு தரம் படபடத்து, பிறகு வயிறு முட்ட உண்டவன்போல் புடைத்து அடங்கியது. எஞ்சினின் ஓசை நின்ற பிறகுதான் அது மூன்று நாட்களாக ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது என்றே தெரிந்தது. மேஜைமேல் இருந்த தக்காளி ஒன்று சாய்வுப் பக்கமாக மெல்ல உருண்டு, விளிம்புச் சட்டத்தில் முட்டி நின்று, படகு நிமிர்ந்ததும் வந்த வழியே திரும்பிற்று; அது இப்படிப் போவதையும் வருவதையும் நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று சொல்ல இயலாது. மணிக்கு ஆறு கடல்மைல்கூடத் தேறாத வேகம். யாரும் யாரோடும் பேசவில்லை. சமையற்காரர் மட்டும் அடுப்படியிலிருந்து தலையை நீட்டிப் பாயைப் பார்த்துவிட்டு, ஏதோ சொந்த மகனைப் பார்த்ததுபோல் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

கெகோவாவில் தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டுகளைக் கண்டோம். பூகம்பங்களால் தரை தாழ்ந்து, ஒரு பழைய குடியிருப்பின் பாதி கடலுக்குள் போயிருக்கிறது. அங்கே நீந்துவதற்குத் தடை. மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகச் சொற்பமானதால், எந்தப் படியோடு கரை முடிகிறதோ அந்தப் படியோடேயே காலையும் மாலையும் முடிகிறது. அன்றிரவு நோட்டுப்புத்தகத்தைத் திறந்தபோது, 'காஷ், புறப்பாடு 1.10' என்று இருந்தது. சேர்ந்த நேரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. உடன் வந்தவர்களைக் கேட்டேன்; ஒருவர் நாலு என்றார், ஒருவர் ஆறு என்றார். அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

கடைசி மாலையில், விடியலுக்கு முன் எழுந்து எங்களுக்காக நாள் முழுவதும் ஓடியாடிய கயிற்றுப் பையன், சற்று நேரம் கிடைத்ததும் படகின் பின்புறம் உட்கார்ந்து தூண்டில் போட்டான். என் நரையைக் கண்ட நாள் முதல் அவன் என்னை 'அம்ஜா' என்றுதான் அழைத்தான்; சித்தப்பா என்று வைத்துக்கொள்ளலாம்.

"அம்ஜா, உங்கள் ஊரில் கடல் இருக்கிறதா?" என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டான்.

"இருக்கிறது. வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை" என்றேன். நாகப்பட்டினம் என்று சொன்னால் அவனுக்குத் தெரியவா போகிறது?

"படகில் போவீர்களா?"

யோசித்துப் பார்த்தேன். கடற்கரையில் காற்று வாங்கியிருக்கிறேன், மீன் வாங்கியிருக்கிறேன், சுனாமி வந்த வருஷம் ஓடியிருக்கிறேன். "ஒரு தரமும் போனதில்லை" என்றேன்.

அவன் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு தூண்டிலின் தங்கூசியை என் ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எப்போது இழுக்க வேண்டும் என்பதை விரலை லேசாகச் சுண்டிக் காட்டிவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டான்.