இலையின் குணமா, நோன்பின் பலனா?

கொரிய முகப்பூச்சுகளில் தோலின் சிவப்பையும் எரிச்சலையும் தணிக்கச் சேர்க்கப்படும் ‘ஸுக்’ சாறு, ஆர்ட்டிமீசியா என்னும் பேரினத்தைச் சேர்ந்த கசப்புச் செடிகளின் இலையிலிருந்து எடுக்கப்படுகிறது. சித்த மருத்துவத்தில் வழங்கும் மாசிபத்திரிக்கு இது நெருங்கிய உறவு. இவ்வினச் செடிகளில் உள்ள யூபாட்டிலின், ஜேசியோசிடின் போன்ற ஃபிளாவனாய்டுகள் ஆய்வகத்தில் அழற்சியைக் குறைக்கின்றன; மனிதத் தோலில் நடந்த சோதனைகள் குறைவு. இச்செடிகளின் மகரந்தம் பலருக்கு ஒவ்வாமையையும் தருகிறது. தணித்தாலும் உறுத்தினாலும், பூசிக்கொள்பவரின் மனநிலையைப் பார்த்து இலை வேலை செய்வதில்லை.

கொரியரின் தோற்றக் கதையில் இதே இலைக்கு வேறு இடம். 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த ‘சம்குக் யுசா’வில் அக்கதை வருகிறது. ஒரே குகையில் வாழ்ந்த கரடியும் புலியும், விண்ணிறைவன் மகனான ஹ்வானுங்கிடம் மனிதப் பிறவி வேண்டின. ஒரு பிடி ஸுக் இலையும் 20 பூண்டும் தந்து, இவற்றை உண்டு 100 நாள் வெயில் படாமல் இருக்கச் சொன்னான் அவன். புலியால் முடியவில்லை. விரதம் காத்த கரடி 21 நாளில் பெண்ணானது. அவள் பெற்ற மகன் தங்குன், கொரியாவின் முதல் அரசன் என்பது மரபு.

கரடியை மாற்றியது இலையா, நோன்பா? இலைதான் என்றால், புலியும் உண்ட அளவுக்குக் கொஞ்சமாவது மாறியிருக்க வேண்டும். கதையில் பாதி மனிதன் இல்லை. 100 நாள் என்று விதித்தது 21 நாளில் கிடைத்ததையும் கவனிக்க வேண்டும். மருந்தின் அளவுக் கணக்கு அப்படி நடந்துகொள்ளாது. ஆனால் இங்கே ஒரு கடினமான தடை எழுகிறது. கரடி இலையும் தின்னும், இறைச்சியும் தின்னும். புலிக்கோ இலையுணவு பட்டினிதான். அப்படியானால் கரடி வென்றது மனவுறுதியாலா, வயிற்றின் அமைப்பாலா? இயல்பில் எளிதாக வருவதை அறம் என்று போற்றலாமா? கதை இதற்கு நேராக விடை சொல்லவில்லை. எனினும் குகையின் இருட்டு இரண்டுக்கும் பொது, வேண்டுதலும் பொது. உணவு கரடிக்குச் சற்று எளிது என்றாலும், வெயிலைத் துறப்பது எளிதல்ல. ஆகவே நோன்பின் பக்கமே நியாயம் வலுவாக இருக்கிறது. கசப்பிலை அந்த நோன்புக்குக் கைப்பிடி. அது இல்லாவிட்டால் உறுதி வெறும் எண்ணமாகவே நின்றிருக்கும்.

சாற்றை விற்க இக்கதையைத் துணைக்கு அழைப்பது இதனால் பிழையாகிறது. பூச்சு கேட்பது சில நொடி நேரம். கதை கேட்டது ஒரு வாழ்முறையை விட்டுவிடுவதை. தோலுக்கு இதம் தருவது சிறிய நன்மை, உண்மையான நன்மை. அதற்குப் புராணச் சான்று தேவையில்லை.

கொரியாவில் ஸுக் இலைக்குப் பெயர்போன இடம் கங்ஹ்வா தீவு. தங்குன் விண்ணை வழிபட்டதாகச் சொல்லப்படும் சம்சோங்தான் பலிபீடமும் அத்தீவின் மானி மலைமேல்தான் இருக்கிறது.