மீளும்போது பற்றிய கை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெருமாள் திருமொழியின் ஐந்தாம் திருமொழியில், வித்துவக்கோட்டெம்பெருமான் திருமுன்பே குலசேகரப் பெருமாள் அடுக்கி அருளிச்செய்யும் த்ருஷ்டாந்தங்கள் நம் ஸ்வாமிகள் பலகாலும் உபந்யஸித்தவை. பெற்றவள் கோபித்துத் தள்ளினும் அவளையே எண்ணி அழும் குழந்தை முதலில். பிறகு கணவனை விடாத குலமகள். பிறகு அரசனையே பார்த்திருக்கும் குடிகள். நாலாம் பாட்டில் ஒரு நோயாளன் வருகிறான். வைத்தியன் அறுக்கிறான், சுடுகிறான். அவனிடத்தில் இவனுடைய அன்போ குறையவில்லை.

இதனைக் கோஷ்டியில் எத்தனையோ முறை ஸேவித்திருக்கிறோம். ஆயினும் அந்த நோயாளனோடு அடியோமுக்கு நேர்ப்பழக்கம் உண்டானது சென்ற ஐப்பசியில், வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தபோதுதான். முதுகுத்தண்டில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்திருந்தார்கள். வலி தெரியவில்லை, ஓசை தெரிந்தது. ரம்பமும் சுத்தியும் தச்சுப்பட்டறையில் போலக் கேட்டுக்கொண்டிருந்தன. தேய்ந்த எலும்பின் முனைகளைச் சீவி, உலோகத்தைப் பொருத்தி, இடையில் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைக்கிறார்கள். இவ்வளவும் வைத்தியர் செயல். நோயாளன் செய்ய வேண்டியது கிடப்பது ஒன்றே. அதையாவது சரியாகச் செய்தோமா என்றால், திரைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று இரண்டு முறை விசாரித்தோம்!

அந்த வைத்தியரிடம் அன்பு கொள்வதில் அடியோமுக்குச் சிரமமே இருக்கவில்லை. காரணம் ஆழ்வார் சொன்னது அன்று என்பதைப் பிறகு உணர்ந்தோம். கட்டணம் முழுவதையும் செலுத்தி ரசீது வாங்கியிருந்தோம். கொடுத்ததும் பெற்றதும் நேர். சிரமம் வந்தது ரசீது இல்லாத இடத்தில்.

மறுநாளே நடைச்சட்டத்தைப் பிடித்து நிற்க வைத்தார்கள். ஐந்தாம் நாள் திருவரங்கத்துத் திருமாளிகைக்குத் திரும்பினோம். பிள்ளை கடல் கடந்து இருக்கிறான். தர்மபத்நிக்கு இடுப்பு வலி. அடியோமைத் தூக்கி நிறுத்தும் வலு அவளுக்கு இல்லை. கோஷ்டி நண்பர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் தளிகை கொணர்ந்தார், ஒருவர் தீர்த்த ப்ரஸாதம் கொணர்ந்தார், ஒருவர் இரவில் கூடத்தில் படுத்துக்கொண்டார். அடியோம் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம்.

வணிகவியல் படித்து, முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கழித்த புத்தி வேறு என்ன செய்யும்? பெறுகிறவன் கணக்கில் பற்று, தருகிறவன் கணக்கில் வரவு என்பதுதான் முதல் பாடம். யார் எதைச் செய்தார், அதற்கு எதைத் திருப்பவேண்டும் என்று இரண்டு பத்தி. இரண்டு நாள் தளிகைக்கு ஒரு வேஷ்டி. இரவுக் காவலுக்கு அவர் பேத்தியின் பள்ளிக்கூடப் பணத்தில் ஒரு பங்கு. கால் மடங்குவதற்கு முன் கடன் தீர்ந்துவிடவேண்டும் என்ற எண்ணம். பிறர்க்குச் செய்தபோதெல்லாம் கைங்கர்யம் என்றோம். பிறர் நமக்குச் செய்தபோது அதற்கே கடன் என்று பெயர் வைத்தோம்.

ஒரு நாள் மாலை அந்தப் பக்கங்களைச் சரிபார்த்தோம். நாள் முடிவில் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் நாற்காலியை விட்டு எழ மனம் வராத பழக்கம். எல்லாப் பெயரும் இருந்தன. ஒரு பெயர் மட்டும் இல்லை.

அவர் எங்கள் கிளையில் தப்தரியாக இருந்தவர். பேரேடுகளைச் சுமந்து வந்து மேஜையில் வைத்து, கையொப்பமானதும் எடுத்துச் செல்பவர். பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்றவர். தினமும் விடியற்காலை உறையூரிலிருந்து காவேரிப் பாலத்தைக் கடந்து வந்து, அடியோமை எழுப்பி நிறுத்தி, நீராட்டறை வரை தோள் கொடுத்து, கால்விரல்களைத் துடைத்துவிட்டுப் போவார். மாலையில் மீண்டும் வந்து, முழங்காலைத் தொண்ணூறு பாகை மடக்கும் பயிற்சியில், "இன்னும் கொஞ்சம் ஸார்" என்று குதிகாலைத் தாங்கிக்கொள்வார். எல்லாரினும் அதிகம் செய்தவர் அவரே. அவர் பெயர் ஏன் விடுபட்டது? மறதி அன்று. அன்று பேரேட்டைச் சுமந்தவர் இன்று அடியோமைச் சுமக்கிறார், இதில் எழுத என்ன இருக்கிறது என்று உள்ளே இருந்த அதிகாரி தீர்மானித்திருந்தார். ஓய்வு பெற்றது அடியோம்தான். அவர் ஓய்வு பெறவில்லை.

உறையூர் என்றதும் பிள்ளை உறங்காவில்லி தாஸர் நினைவுக்கு வராத ஸ்ரீவைஷ்ணவர் இல்லை. உடையவர் காவேரி நீராட்டத்திற்கு எழுந்தருளும்போது முதலியாண்டான் கையைப் பற்றிச் செல்வார், நீராடி மீளும்போது தாஸர் கையைப் பற்றி வருவார் என்பது பூர்வர்கள் காட்டும் ஐதிஹ்யம். நீராடிய பின்பு இவரைத் தீண்டலாமோ என்று சிலர் மயங்கியபோது, குலம், செல்வம், கல்வி இவற்றால் வரும் செருக்கு தாஸரிடத்தில் இல்லாமையை உடையவர் எடுத்துக்காட்டினார் என்பர். இதனைத் தாஸருடைய ஏற்றமாகவே இதுவரை கேட்டிருந்தோம். கட்டிலில் கிடந்தபோது வேறொன்று தோன்றியது. அங்கே கையைப் பற்றியவர் உடையவர். ஆசார்யராய் இருந்தும் சிஷ்யனுடைய கையில் தம் பாரத்தை வைத்தார். அதற்குக் கணக்கு வைக்கவில்லை. பேரேட்டில் பற்று என்றால் கடன். அந்தக் காவேரிக்கரையில் அதற்கு வேறு பொருள்.

"பயிலும் சுடரொளி", "நெடுமாற்கடிமை" ஆகிய இரண்டு திருவாய்மொழிகளிலும் நம்மாழ்வார் அடியார்க்கு அடிமைப்படுதலை அருளிச்செய்தார். அடிமை என்றால் ஓடியாடிச் செய்வது என்றே கொண்டிருந்தோம். இளையபெருமாளைப் பார்த்தோம், பெருமாள் திருவுள்ளப்படி நின்ற ஸ்ரீபரதாழ்வானைப் பார்க்கவில்லை. ஒரு பாகவதர் நம் காலைத் தூக்கிப் பிடிக்க ஆசைப்பட்டால், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு காலைக் கொடுப்பதும் பாரதந்த்ர்யத்தில் சேருமோ என்று பெரியோர்களைக் கேட்கவேண்டும். ஓடியாடிச் செய்வதைவிட அது கடினம் என்பதை மட்டும் முழங்கால் சாக்ஷியாகச் சொல்லலாம்.

நோட்டுப் புத்தகத்தை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். அவர் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தோம். எதிர்ப்பத்தியில் எழுத ஒன்றும் தோன்றவில்லை. மூடி வைத்துவிட்டோம். வேஷ்டி வாங்கினது வாங்கினதுதான். அதை அந்த நண்பர் உடுத்திக்கொண்டு வந்தபோது அழகாகவே இருந்தது.

ஏழாம் வாரம், மார்கழி பிறப்பதற்கு முன் ஒரு நாள், கோயிலுக்குச் சென்றோம். போகும்போது கைத்தடி போதும் என்று அடம் பிடித்தோம். அவர் இரண்டடி பின்னால் வந்தார். தரையில் மடங்கி அமரவோ விழுந்து ஸேவிக்கவோ கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஆகவே கொடிமரத்தருகே கூப்பிய கையோடு நின்றோம். அவர் தண்டம் ஸமர்ப்பித்தார். அடியோமுக்கும் சேர்த்தோ என்னவோ, வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பெரிய பெருமாளை ஸேவித்து, உடையவர் ஸந்நிதிக்கும் சென்று மீளும்போது கால் தளர்ந்தது. அவர் வழக்கம்போல் கையை நீட்டினார். பணிக்காலம் முழுவதும் அவரைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்தே பழகிய நாக்கு. கையைப் பற்றிக்கொண்டு, "மெதுவாகப் போகலாம், ஸ்வாமி" என்றோம்.

யாரை அழைக்கிறோம் என்று அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார்.