மௌனம் மானமா?

பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி உறக்கமிழந்து, உணவை வெறுத்து, மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறாள். "இந்த வயதில் உனக்கென்ன கவலை?" என்று கேட்கிறோம். நாற்பத்தைந்து வயதுக் குடும்பத் தலைவர் ஒருவர், கலங்கும் கண்களைப் பிறர் காணாவண்ணம் துடைத்துக் கொள்கிறார். "இந்த வயதிலா கலங்குவது?" என்கிறோம். இளையவருக்குக் கவலைப்படும் வயது வரவில்லையாம். மூத்தவருக்கோ அந்த வயது கடந்துவிட்டதாம்! அங்ஙனமாயின், மனிதன் தன் துயரை வாய்விட்டுச் சொல்லத்தக்க வயதுதான் எது?

கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோம். கண் மங்கினால் கண்ணாடி அணிகிறோம். அதிலே வெட்கமில்லை. மனம் நொந்தால் மட்டும் மூடி மறைக்கிறோம். நாலு பேர் என்ன சொல்வார்கள், பெண்ணுக்கு வரன் அமையுமா, குடும்ப மானம் என்னாகும் என்று அஞ்சுகிறோம். உயிரைக் காக்காத மானம் எவருக்காக?

மறைத்த துயர் முற்றியபின் தாயத்துக் கட்டுகிறோம், மந்திரிக்கிறோம், பேயோட்டுகிறோம். அதுவும் பலிக்காவிடில் சங்கிலி! 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகமொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓடவும் வழியின்றிச் சிக்கினர். 28 உயிர்கள் மாண்டன. மனநோய் வேறு, மனச்சுமை வேறு என்பதை அறிவோம். ஆனால், இரண்டையும் இருட்டில் பூட்டிவைப்பது ஒரே வெட்கந்தானே!

"அன்னை இல்லையா, நண்பர் இல்லையா? அயலாரிடமா அகத்தைத் திறப்பது?" என்று கேட்பாருண்டு. நியாயமான கேள்வியே. அன்னையின் அன்புக்கு ஈடில்லை. ஆயினும், அவள் மகளோடு சேர்ந்து அழுதுவிடுவாள். நண்பர் அவசரப்பட்டு அறிவுரை தந்துவிடுவார். சில வேளைகளில் துயரின் ஊற்றுக்கண்ணே வீட்டுக்குள் இருக்கும்! மனநல ஆலோசகரோ கேட்பதற்கென்றே பயின்றவர், பழித்துரையார், உயிருக்கு ஆபத்து நேருமிடத்தும் சட்டம் கட்டாயப்படுத்துமிடத்தும் அன்றிப் பிறரிடம் சொல்லார். தீர்ப்பு வழங்குவது அவர் தொழிலன்று. முடிச்சை நாமே காணவும் அவிழ்க்கவும் துணை நிற்பதே அவர் தொழில்.

இது மந்திரமன்று, ஒரே நாளில் மாற்றம் வாராது. முதலில் சந்தித்தவர் ஒத்துவராவிடில் இன்னொருவரை நாடலாம். சிலருக்கு மருந்தும் தேவைப்படும். அதற்கு மனநல மருத்துவர் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மருத்துவத்தை உரிமையாக்கியது, சங்கிலியைத் தடைசெய்தது. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையில், 14416 என்ற எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கதவு திறந்திருக்கிறது, தயக்கந்தான் வாசலை மறிக்கிறது.

இங்கே கடமை யாருடையது? வளர்ந்தவர் தம் காலால் நடந்து செல்லக் கூடியவர். அவர் புறப்படும்போது எள்ளி நகையாடாதிருப்பது நம் கடன். இளையவரோ நாம் அழைத்துச் சென்றாலன்றிப் போக இயலாதவர். அவர்தம் மௌனத்துக்கு நாமே பொறுப்பு. "உனக்கென்ன கவலை?" என்ற அதே சொற்களை, ஏளனமாக வீசாமல், அருகமர்ந்து அக்கறையோடு கேட்போம். விடை வரும்வரை காத்திருப்போம். "என்னால் தனியே இயலவில்லை" என்று ஒருவர் சொல்வாராயின், அது கோழையின் குரலன்று. வாழ விரும்பும் மனிதனின் குரல். அதனைக் கேட்கும் செவி நம்மிடம் உண்டா?