குணமாக வேண்டியது யாரு?



கோர்ட்னா தண்டனை கொடுக்கிற இடம் மட்டும்தானா? மனசைக் குணப்படுத்துற இடமாவும் இருக்க முடியுமா? 1989-ல அமெரிக்காவுல மியாமியில போதை வழக்குகளுக்குன்னே ஒரு நீதிமன்றம் தொடங்கினாங்க. ஜெயிலுக்குப் பதிலா சிகிச்சை. நல்ல விஷயம்தான். ஆனா அங்கே ஒரு முடிவு முன்னாடியே எடுத்தாச்சு: குணமாக வேண்டியது முன்னால நிக்கிறவர்தான்.

நம்ம மதுரைப் பொண்ணுங்க ரெண்டு பேரோட வழக்கு அதைத் தலைகீழா மாத்துச்சு.

அவங்க ஒருத்தரை ஒருத்தர் விரும்பினவங்க. வீட்டு எதிர்ப்பால மதுரையை விட்டுச் சென்னைக்குப் போயிட்டாங்க. காணோம்னு பெத்தவங்க போலீஸ்ல புகார் கொடுத்தாங்க. பொண்ணுங்க பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2021-ல வழக்கைக் கேட்ட நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ரெண்டு தரப்பையும் ஒரு உளவியல் நிபுணர்கிட்ட பேச அனுப்பினார். இது குடும்ப நீதிமன்றத்துல வழக்கமா நடக்கிறதுதான். அடுத்து அவர் செஞ்சதுதான் பெரிசு. இந்த விஷயம் தனக்கே முழுசாப் புரியலன்னு வெளிப்படையாச் சொல்லி, அதே நிபுணர்கிட்ட தானும் பாடம் கேட்டார். ஜூன் 7-ம் தேதி உத்தரவுல, தனக்குச் சொல்லிக்கொடுத்தவங்களோட அந்தப் பொண்ணுங்களையும் சேர்த்துத் தன் குருன்னே எழுதினார்.

இதைப் படிச்சதும் எனக்குச் சுவாமிமலைதான் ஞாபகம் வந்துச்சு. பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவைச் சிறை வெச்சான் முருகன். உனக்குத் தெரியுமான்னு கேட்டார் சிவன். சீடனாக் கேட்டா சொல்றேன்னான் பிள்ளை. அப்பா பணிஞ்சு காது கொடுத்தார். அதனால ஈசனோட பெருமை ஒரு துளி குறைஞ்சுதா? பிள்ளைக்குச் சுவாமிநாதன்னு ஒரு பேர் கூடுச்சு, அவ்வளவுதான்.

எங்க எழுமலை மாதிரி ஊர்ல ஒரு வீட்டுல இது தெரிஞ்சா என்ன நடக்கும்? கோடாங்கி, தாயத்து, இல்லன்னா அவசரக் கல்யாணம். படிச்ச வீடுன்னா டாக்டர். எல்லா மருந்தும் அந்தப் பொண்ணுக்குத்தான். அந்த உத்தரவு, இப்படி 'மாத்துறேன்'னு செய்யுற வைத்தியத்தையே தடை செய்யச் சொல்லுச்சு. சிகிச்சைன்னு பேர் வெச்சதால கட்டாயம் அன்பாகிடாது.

அப்போ பெத்தவங்க? கவுன்சலிங்குக்குப் பிறகும் அவங்க மனசு மாறல. இப்படி ஒரு துணையோட வாழுறதுக்குக் கல்யாணமே இல்லாம இருந்தாலும் கௌரவம்னு நினைச்சாங்க. நீதிபதி அவங்களைத் திட்டித் தீர்க்கல. ஆனா அவங்க மனசு மாறுற வரைக்கும் பொண்ணுங்களைக் காத்திருக்கவும் வைக்கல. புகாரை முடிக்கச் சொன்னார், பாதுகாப்புக் கொடுத்தார். எனக்கு இதுதான் நியாயமாப் படுது. மனசு மாறுறதுக்கு எவ்வளவு காலம் வேணும்னாலும் கொடுக்கலாம். அதுவரைக்கும் இன்னொருத்தரோட உயிரையும் வாழ்க்கையையும் அடமானம் வைக்கச் சொல்லக் கூடாது.

நம்ம எல்லார் வீட்டுலயும் ஒரு சின்ன கோர்ட் நடக்குது. தம்பியோ தங்கச்சியோ மனசு விட்டு ஏதோ சொல்ல வந்தா, உடனே தீர்ப்பு சொல்லாதீங்க. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் எல்லாம் சரியாயிடும்னும் சொல்லாதீங்க. முதல்ல சீடனா உக்காந்து கேளுங்க. தகப்பன்சாமியைக் கும்பிடுறவங்க நாம.

வேலும் மயிலும் துணை. 🙏