ஏற்றத்தின் தாளம், லைனின் வேகம்

கிணற்றுக்குள் இறங்கிக் குடத்தில் நீர் மொண்டு, சுமந்து ஏறிவந்து பாத்திக்கு ஊற்றுகிறார் ஒரு கிழவர். பார்த்துக்கொண்டிருந்த கன்பூசியஸின் சீடர் சிகோங்குக்குப் பொறுக்கவில்லை. ஏற்றம் போட்டால் ஒரே நாளில் நூறு பாத்தி பாயுமே! கிழவர் மறுக்கிறார். ஏற்றம் அவருக்குத் தெரியாததல்ல. இயந்திரத்தோடு பழகினால் மனமும் இயந்திரமாகும், உள்ளிருக்கும் எளிமை கெடும் என்பது அவர் கட்சி. கி.மு. 4ஆம் நூற்றாண்டுத் தாவோ ஞானி ஜுவாங்சியின் பெயரால் வழங்கும் நூலில் உள்ள கதை இது.

ஏரிப் பாசனமும் ஏற்றமும் பார்த்த ஸ்ரீபெரும்புதூர்ப் பெரியவர்கள் இதைக் கேட்டால் சிரிக்கக்கூடும். தமிழ்நாட்டு ஏற்றத்துக்குப் பாட்டு உண்டு. துலாவின் மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் நீரைக் கவிழ்த்தபடி பாடுவார். எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கும் பாட்டுக்குள்ளேயே ஓடும். கவனம் தப்பினால் கால் தப்பும். இயந்திரம் இருந்தும் மனம் கெடவில்லை. காரணம், தாளத்தை வைத்தது மனித மூச்சு.

அதே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் வருகின்றன. ஒரகடத்தில் 2010இல் ரெனால்ட்–நிசான் உற்பத்தி தொடங்கியது. கார் லைனில் தாளம் வைப்பது தொழிலாளி அல்ல. ஒரு வேலைக்கு இத்தனை நொடி என்று முன்பே வகுத்தாயிற்று. அங்கேயும் கூர்ந்த கவனம் வேண்டும்தான்.

ஜுவாங்சியிடம் இன்னொரு கைவினைஞரும் உண்டு: மாடு அறுக்கும் சமையற்காரர் திங். பத்தொன்பது ஆண்டுகளாக அவர் கத்தி மழுங்கவில்லை. சிக்கலான மூட்டு வந்தால் அவர் நிதானிப்பார், பார்வையை ஊன்றுவார், கையை மெல்ல நகர்த்துவார். அவருடைய கவனத்தின் உயிர் அந்த நிதானத்தில் இருக்கிறது. லைனில் நிதானித்தால் அடுத்த கார் வந்து நிற்கும்.

இன்று நிறுவனங்கள் வகுப்பு வைத்துச் சொல்லித்தரும் ‘மைண்ட்ஃபுல்னஸ்’, 1979இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-சின் நாள்பட்ட வலியால் வாடியவர்களுக்காக வகுத்த பயிற்சியிலிருந்து பரவியது. அதன் வேர் பௌத்தத்தில் இருக்கிறது; தாவோவை உள்வாங்கிய ஜென்னும் அதில் சேரும். ஜென் மரபின் முதல்வர் போதிதர்மரைக் காஞ்சிக்காரர் என்றே நம்மவர்கள் கொண்டாடுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் காஞ்சி ஒரு மணி நேரத் தொலைவுதான். மூச்சைக் கவனி என்கிறது பயிற்சி. மூச்சு விட நேரம் கொடு என்று நிர்வாகத்திடம் சொல்வதில்லை.

ஜப்பானின் டொயோட்டா ஒரு வழி கண்டது. குறை தெரிந்தால் தொழிலாளியே ‘ஆன்டன்’ என்னும் எச்சரிக்கைக் கயிற்றை இழுக்கலாம். சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். திங்கின் நிதானத்துக்குத் தொழிற்சாலை கொடுத்த இடம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் வேலை நிரந்தரமாகுமா என்று காத்திருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி எந்தத் தைரியத்தில் அந்தக் கயிற்றை இழுப்பார்? தியான வகுப்புக்கு ஏற்பாடு செய்கிறவர்கள் முதலில் அவரிடம் கேட்கவேண்டியது அதைத்தான்.