வாசலில் கேட்கும் அனுமதியும் செல்போன் கேட்கும் அனுமதியும்



அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் உபதேசித்துக் கொள்கிறேன்.

ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் சம்பவம் ஒன்று புகாரியில் வருகிறது. நபி (ஸல்) அவர்களின் அறைக் கதவிலிருந்த துவாரம் வழியாக ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நபியவர்கள் அப்போது சீப்பு போன்ற ஒரு பொருளால் தலையைக் கோதிக்கொண்டிருந்தார்கள். பார்ப்பது முன்பே தெரிந்திருந்தால் இதனாலேயே உன் கண்ணைக் குத்தியிருப்பேன் என்று கண்டித்தார்கள். அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே பார்வையின் காரணமாகத்தான் என்றும் விளக்கினார்கள்.

கவனியுங்கள். வந்தவர் எதையும் திருடவில்லை. உள்ளே நடந்ததும் ரகசியமான காரியமில்லை, தலை வாருவதுதான். அதற்கே இவ்வளவு கோபம். "நான் என்ன தப்பு செய்கிறேன், எவன் பார்த்தால் எனக்கென்ன?" என்று சொல்கிறோமே, அதற்கான பதில் இந்த ஹதீஸில் இருக்கிறது. திரை என்பது தவறு செய்பவனுக்கு மட்டும் உரியதல்ல. மறைவு மனிதனின் உரிமை.

சிலர் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், அல்லாஹ்தான் எல்லாவற்றையும் பார்க்கிறானே, கம்பெனிக்காரன் பார்த்தால் என்ன?" அல்லாஹ் பார்க்கிறான், மறைக்கவும் செய்கிறான். இவர்கள் பார்க்கிறார்கள், அதை வியாபாரமாக்குகிறார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள்.

2020 நவம்பரில் வெளிவந்த செய்தி உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் 'முஸ்லிம் ப்ரோ' செயலி உலகம் முழுவதும் 9 கோடியே 80 லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டிருந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் இருந்த இடத்தின் விவரம் 'எக்ஸ்-மோட்' என்ற தரவு வியாபார நிறுவனத்துக்குப் போனது. எக்ஸ்-மோட் யாருக்கு விற்றது? அதன் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்தக்காரர்களும் இருந்தார்கள். செய்தி வெளியானதும் அந்த உறவை முறித்துக்கொள்வதாகச் செயலி நிறுவனம் அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம், வணக்கத் தலங்கள் போன்ற இடங்களுக்குப் போய்வருவதைக் காட்டும் விவரங்களை விற்கக் கூடாதென்று எக்ஸ்-மோட்டுக்குத் தடை போட்டது. பாங்கு சத்தம் கேட்க வைத்த செயலியே நாம் எந்தப் பள்ளிவாசலில் நிற்கிறோம் என்று ஊருக்குச் சொன்னால் எப்படி?

செயலியை அழித்துவிட்டால் முடிந்ததா? அதற்கும் கீழே அஸ்திவாரமாக ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது. போனில் ஆண்ட்ராய்டு, கம்ப்யூட்டரில் விண்டோஸ். 2015ல் வந்த விண்டோஸ் 10 தேவைக்கு மீறித் தகவல் சேகரிக்கிறது என்று பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ல் மைக்ரோசாஃப்டுக்கு நோட்டீஸ் கொடுத்தது. அதன் பிறகே மாற்றங்கள் செய்தார்கள். 2024 மே மாதம் 'ரீகால்' என்று ஒன்றை அறிவித்தார்கள். சில வினாடிகளுக்கு ஒருமுறை திரையைப் படமெடுத்து அந்தக் கம்ப்யூட்டரிலேயே சேமிக்கும் வசதி அது. எதிர்ப்பு கிளம்பியதும், நாமாக விரும்பி இயக்கினால்தான் இயங்கும் என்று மாற்றினார்கள். கூகுள் கதை இன்னும் மோசம். இடப் பதிவை நிறுத்திவிட்டதாக நினைத்தவர்களின் இடமும் வேறொரு அமைப்பின் வழியாகப் பதிவானது. அதற்காக 2022ல் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39 கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்தது.

"நாம்தான் 'அலவ்' அழுத்தினோமே" என்பீர்கள். ஃபிக்ஹ் கிதாபுகளில் வியாபாரப் பாடம் நடத்தும்போது முதலில் சொல்லித் தருவது ரிளா, அதாவது மனப்பொருத்தம். எதைக் கொடுக்கிறோம், பதிலுக்கு எது வருகிறது என்று தெரியாத இடத்தில் பொருத்தம் எங்கிருந்து வரும்? இருபது பக்க ஆங்கிலத்தைப் படிக்காமல் அழுத்திய விரல், வாசலில் ஸலாம் சொல்லிக் கேட்டுப் பெற்ற அனுமதிக்கு ஈடாகுமா? செல்போன் வைத்திருப்பதே ஹராம் என்று ஃபத்வா கொடுத்துவிட்டதாக வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள்! நான் சொல்வது, கேட்பவர் நேர்மையாகக் கேட்க வேண்டும், கொடுப்பவர் தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதுதான்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த இடத்துக்கு வந்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுதந்திரமாகவும் தெளிவாகவும் விவரமறிந்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி தரவேண்டும் என்கிறது. அரசுக்கு மட்டும் அதில் தாராளமான விலக்கு இருப்பது தனிக் கவலை.

இப்போது நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். மதுரையில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. அது தினமும் மாறுவதில்லை. தொழுகை நேரம் நாளுக்கு நாள் சற்று மாறினாலும், ஒரே ஊருக்குள் இடத்துக்கு இடம் பெரிதாக மாறுவதில்லை. தல்லாகுளத்துக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் ஒரு நிமிட வித்தியாசம்கூட வராது. ஊர் மதுரை என்று தேர்ந்தெடுத்தால் போதும். நீங்கள் எந்தத் தெருவில் நிற்கிறீர்கள் என்பது அந்தச் செயலிக்கு எதற்கு? லொகேஷன் அனுமதியை எடுத்துவிடுங்கள். கூகுள் கணக்கில் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி'யை நிறுத்துங்கள். விண்டோஸில் பிரைவசி பகுதிக்குப் போய் 'ஆப்ஷனல் டயக்னாஸ்டிக் டேட்டா'வை அணையுங்கள்.

கம்பெனிகளைக் குறை சொல்லும்போது நம் கல்லாப்பெட்டியையும் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சகோதரரே, வாடிக்கையாளர் அனுப்பிய ஆதாரும் பத்திரமும் உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை மாதமாகக் கிடக்கின்றன? போன் சர்வீஸ் செய்யும் தம்பி, ரிப்பேருக்கு வந்த போனின் கேலரியைத் திறந்து பார்ப்பது தஜஸ்ஸுஸ் இல்லையா? துருவித் துருவி ஆராய்வதை ஸூரத்துல் ஹுஜுராத் 12வது வசனம் தடுத்திருக்கிறது. ஜகாத் வாங்க வந்த தாயின் முகத்தைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்களே, அந்தப் பெண்ணிடம் யார் அனுமதி கேட்டார்கள்? கேட்டிருந்தாலும், அரிசிப் பையை வாங்க நிற்பவளால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

ஒருவர் பேசும்போது அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாலே அந்தப் பேச்சு அமானிதம் என்று திர்மிதியில் ஹதீஸ் இருக்கிறது. வாய்விட்டு "யாரிடமும் சொல்லாதே" என்று கேட்கக்கூட வேண்டியதில்லை.

இன்று இஷாவுக்குப் பிறகு கம்ப்யூட்டர் தெரிந்த நம் மஹல்லா இளைஞர்கள் சிலர் பள்ளியிலேயே இருப்பார்கள். பெரியவர்கள் போனைக் கொண்டு வாருங்கள், அமைப்புகளைச் சரிசெய்து தருவார்கள். போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும், அவர்கள் சொல்லச் சொல்ல நீங்களே அழுத்துங்கள். வீட்டுப் பெண்களின் போனைக் கொண்டு வரவேண்டாம், பார்த்துக் கற்றுக்கொண்டு போய் வீட்டில் சொல்லிக் கொடுங்கள்.

அல்லாஹ் நம் வீடுகளின் மானத்தைப் பாதுகாத்தருள்வானாக. ஆமீன்.