சாந்தம் கோழைமையா?

மனிதன் தனித்து வாழப் பிறந்தவன் அல்லன். வீட்டில் மனைவி மக்களோடும், வெளியே அண்டை அயலாரோடும், தொழிலிடத்தில் மேலோர் கீழோரோடும் உரசி உரசியே அவனுடைய நாட்கள் கழிகின்றன. உரசுமிடத்தில் வெப்பம் தோன்றுவது இயற்கை. அவ்வெப்பம் கூரையைப் பற்றும் நெருப்பாகாமல் அடுப்பில் அடங்கிய நெருப்பாக நிற்க வேண்டுமாயின், அதற்கென ஒரு பண்பு வேண்டும். கிறிஸ்தவ சமயம் அப்பண்பைச் சாந்தம் என்று அழைக்கிறது.

மலைப்பொழிவில் பேறுபெற்றோரை எண்ணிக் காட்டிய இயேசுபிரான், சாந்தமுடையோருக்கும் அவ்வரிசையில் இடந்தந்தார். கலாத்தியருக்கு வரைந்த நிருபத்தில் பவுலடியார் தூய ஆவியின் கனியென அடுக்கும் 9 நற்பண்புகளுள் சாந்தமும் ஒன்று. இத்துணைச் சிறப்புடைய பண்பு நடைமுறையில் பெற்றிருக்கும் மதிப்பு யாது? எதிர்த்துப் பேசாதவனை உலகம் வாயில்லாப் பூச்சி என்கிறது. விட்டுக்கொடுப்பவனை ஏமாளி என்கிறது. ஆலயத்தில் சாந்தத்தைப் பற்றிய அருளுரையைத் தலையசைத்துக் கேட்டவரே, வெளியே வந்ததும், "சாதுவாக இருந்தால் இந்தக் காலத்தில் பிழைக்க முடியுமா?" என்று கேட்கிறார். ஆகவே, சாந்தம் என்பது கோழைமைக்கு இட்ட அழகிய பெயர்தானா என்னும் வினா எழுகிறது.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இப்பண்பைக் குறிக்கும் சொல், பழக்கப்பட்ட விலங்குகளுக்கும் வழங்கிய சொல்லாகும். பழக்கப்பட்ட குதிரை தன் வலிமையை இழந்து விடுவதில்லை. அதே கால்கள், அதே வேகம், அதே பலம். ஆனால் அவை இப்போது ஓர் ஆளுகைக்கு உட்பட்டிருக்கின்றன. அரிஸ்டாட்டில் என்னும் கிரேக்க அறிஞரும் இப்பண்பை இரு குறைகளுக்கு நடுவே வைத்தார். எதற்கெடுத்தாலும் சீறுவது ஒரு குறை. சினம் கொள்ள வேண்டிய இடத்திலும் உணர்ச்சியற்றுக் கிடப்பது மற்றொரு குறை. ஆகவே, வலிமை இல்லாமை சாந்தம் ஆகாது. வலிமையை ஆளும் ஆற்றலே சாந்தம்.

திருமறை காட்டும் மாந்தரும் இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றனர். மண்ணுலகில் மோசேயைப் போல் சாந்தமுள்ளவர் வேறிலர் என எண்ணாகமம் கூறுகிறது. பார்வோனின் அரசவையில் அஞ்சாது நின்று தம் மக்களின் விடுதலையைக் கேட்டவரும் அதே மோசேதான். உடன்பிறந்த மிரியாமும் ஆரோனும் தம்மைப் பழித்தபோது அவர் தமக்காக வழக்காடவில்லை. அதனால் மிரியாமைத் தொழுநோய் பற்றியபோதோ, அவளுக்காக இறைவனிடம் மன்றாடினார். பிறர்க்காகப் பேச வேண்டிய இடத்தில் அஞ்சாமையும், தமக்காகச் சீற வேண்டிய இடத்தில் அமைதியும் அவரிடம் குடிகொண்டிருந்தன. அத்தகையவரும் பின்னொரு நாள் மக்களின் முறுமுறுப்பைப் பொறாது கோலால் பாறையை இருமுறை அடித்தார். வாக்களிக்கப்பட்ட நாட்டினுள் நுழையும் பேற்றை இழந்தார். சாந்தம் ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் பட்டம் அன்று என்பதையும் அவர் வாழ்வு உணர்த்துகிறது.

இயேசுபிரானை விசாரித்த இடத்தில் காவலன் ஒருவன் அவரைக் கன்னத்தில் அறைந்தான். அவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் வாய்மூடியும் இருக்கவில்லை. தாம் பேசியது தவறெனின் அதனைக் காட்டுமாறும், தவறில்லையெனின் அடித்ததேன் என்றும் கேட்டார். கிறிஸ்தவச் சாந்தம் நீதியைக் கைவிடுவதன்று. நீதி கேட்கும்போதும் பகையைக் கைவிடுவது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும். இரப்பர்த் தோட்டங்கள் கோலோச்சிய காலத்தில், விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணியின் ஏச்சையும் கங்காணியின் அதட்டலையும் தலைகுனிந்து கேட்டு நின்ற தொழிலாளர் பலர். அவர்களின் மௌனத்தைச் சாந்தம் என்று புகழ்வது பெரும் பிழை. அது வேலை போய்விடுமே, லயத்து வீடு போய்விடுமே என்னும் அச்சம். களத்தில் விழுங்கிய சினத்தை மாலையில் மனைவிமேலும் பிள்ளைகள்மேலும் கொட்டியவர்களும் அவர்களுள் உண்டு. மேலோர்முன் பணிந்து, எளியோர்முன் சீறுவது சாந்தமாயின், உலகில் சாந்தம் இல்லாதவரே இரார்! திருக்குறளின் 31-ஆம் அதிகாரமாகிய வெகுளாமை இந்த உண்மையோடுதான் தொடங்குகிறது. தன் சினம் பலிக்கக்கூடிய எளியவரிடத்தில் அதனை அடக்குபவனே உண்மையில் அடக்கியவன் என்பது வள்ளுவர் கருத்து. தமிழ் மறையும் கிறிஸ்தவ மறையும் இவ்விடத்தில் கைகோத்து நிற்கின்றன.

ஆகவே, சாந்தத்தை முதலில் யாரிடம் எதிர்பார்க்க வேண்டும்? கையில் அதிகாரம் உள்ளவரிடமே. ஆனால் நடைமுறை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. கணவனுக்கன்றி மனைவிக்கும், முதலாளிக்கன்றி வேலையாளுக்கும், மாமியாருக்கன்றி மருமகளுக்குமே சாந்தம் போதிக்கப்படுகிறது. அடிபட்டு வந்து முறையிடும் பெண்ணிடம், "நீ பொறுத்துப் போ, அம்மா; கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது சாந்தத்தைப் போதிப்பதாகாது; அடிப்பவனுக்குத் துணைபோவதாகும். மலேசியாவில் 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் இயற்றப்பட்டது, இத்தகையோர் பாதுகாப்புப் பெறுவதற்காகவே. அச்சட்டத்தின் உதவியை நாடும் பெண் தன் விசுவாசத்திற்கு மாறாக நடப்பவள் அல்லள். அவளிடம் சாந்தம் கேட்பது ஒன்றையே: நீதி கேட்கும் உள்ளத்தில் பழிவாங்கும் வெறி குடியேறாதிருக்கட்டும் என்பது. அதையும் அவளிடம் கேட்குமுன், அவள் கணவனிடம் கையைக் கீழே இறக்கச் சொல்வதே முறை.

இனி, இப்பண்பை வளர்ப்பது எங்ஙனம்? பவுலடியார் அதனைக் கனி என்றது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. கனியை ஒருநாளில் செய்துவிட இயலாது. இரப்பர்க் கன்றும் நட்டு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்த பின்னரே பால் தருகிறது. இறையருள் மழையாக இருப்பினும், களை பறிப்பது மனிதன் கையில் இருக்கிறது.

1602-இல் ஜெனீவாவின் ஆயரான புனித பிரான்சிஸ் சலேசியார் தம் சாந்தத்திற்குப் பெயர் பெற்றவர். ஆனால் அவர் இயல்பில் சினம் மிக்கவர் என்றும், நெடுநாள் முயற்சியால் அதனை வென்றவர் என்றும் அவர் வரலாறு கூறுவோர் குறிப்பர். 1609-இல் வெளிவந்த அவருடைய பக்தி வாழ்வு பற்றிய நூலில், ஒருவர் தம்மிடமே சாந்தமாக இருத்தல் வேண்டும் என்பதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினார். தன் குறையைக் கண்டு தன்மீதே சீறுபவன் பிறர் குறையையும் சீறியே திருத்த முற்படுவான் அன்றோ?

அவர் பெயரைத் தாங்கிய சலேசிய சபையை 1859-இல் தொடங்கியவர் தொன் போஸ்கோ. இத்தாலியின் தூரின் நகரில் ஆதரவற்ற சிறுவர்களைத் திரட்டிக் கல்வியும் தொழிலும் பயிற்றுவித்தவர் அவர். தண்டித்து அடக்கும் முறையை விலக்கி, பிழை நேருமுன்னரே மாணவரோடு உடனிருந்து அன்பால் காக்கும் முறையைக் கைக்கொண்டார். ஆசிரியப் பணிபுரிவோர் மறக்கலாகாத பாடம் இது. வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தடுமாறும் சிறுவனை நாற்பது பேர் முன்னிலையில் ஏளனம் செய்தால், வாய்ப்பாடு அவன் நினைவில் நிற்பதில்லை. ஏளனம் மட்டும் நிற்கிறது. அவனைத் தனியே அழைத்துத் திருத்தும் ஆசிரியர் கண்டிப்பில் குறைந்தவர் அல்லர். கண்டிப்பின் பயனை அறிந்தவர்.

வீட்டிலும் இதுவே நெறி. மூப்பினால் நினைவு தளர்ந்த தாய், கேட்டதையே ஐந்தாம் முறையும் கேட்கிறாள். முதல் முறை சொன்ன அதே குரலில் ஐந்தாம் முறையும் விடை சொல்லும் மகன் பெரிய தவம் செய்தவனாகிறான். வேலைக்கு வந்த அயல்நாட்டுப் பெண் பீங்கான் தட்டை உடைத்துவிடுகிறாள். "கையில் கீறியதா?" என்று முதலில் கேட்கும் இல்லத்தரசி, அருளுரை எதுவுமின்றியே தன் சமயத்தை அறிவித்துவிடுகிறாள். கைப்பேசியில் வந்த சுடுசொல்லுக்கு விடையெழுதி, அதை அனுப்பாமல் ஓரிரவு வைத்திருந்து, காலையில் அழித்துவிடுபவன் ஒரு நட்பைக் காப்பாற்றுகிறான். தவறு தன்னுடையது என்று உணர்ந்த தந்தை, பிள்ளையிடம் அதை ஒப்புக்கொண்டால் அவர் மதிப்புக் குறைவதில்லை. உண்மைக்குப் பெரியவரும் கட்டுப்பட்டவரே என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

இவை யாவும் சின்னஞ்சிறு செயல்கள்தாம். ஆயினும், பேரிடர்கள் வாழ்வில் என்றோ ஒருநாள் வருபவை. சிறு உரசல்களோ நாள்தோறும் வருபவை. நாள்தோறும் சிறியவற்றில் பழகாத கை, பெரியது வரும்போது கடிவாளத்தைப் பற்றாது.

எனவே, சாந்தம் கோழையின் புகலிடம் அன்று. ஓங்க வல்ல கை ஓங்காதிருப்பதும், சுட வல்ல நா சுடாமல் உண்மையைச் சொல்வதும் வீரத்தின் பாற்பட்டவை. ஒருவர் சாந்தமுடையவரா என்பதை அவருடைய மேலதிகாரியிடம் கேட்டு அறிய இயலாது. அவர் வீட்டுப் பிள்ளைகளையும், அவரிடம் வேலை செய்வோரையும் கேட்டால் விடை கிடைக்கும். அவர்கள் அவருடைய காலடி ஓசை கேட்டு ஒதுங்குகின்றனரா, அருகே வருகின்றனரா என்பதைக் கொண்டே அப்பண்பு அளக்கப்படும்.